பதினோராவது ஆள்

கோப்புப் பிரிவு எழுத்தர் இருபத்துமூன்றாவது முறையாக அச்சுப் பொத்தானை அழுத்தினார். திரையும் சளைக்காமல் இருபத்துமூன்றாவது முறையாகச் சொன்னது: இணைப்பு வரம்பு நிரம்பிவிட்டது.

மணி மூன்று. நான்கு மணிக்குத் தபால் பை தலைமையகத்துக்குக் கிளம்பிவிடும். அவருடைய இடமாற்ற மனு அதில் ஏறியாக வேண்டும். மனைவியும் மகளும் ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இருந்தார்கள். மகளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து தூங்கிவிட்டுப் போகும் விருந்தாளி. மூன்று வருடமாக மனு போடுகிறார். அதாவது, போடப் பார்க்கிறார்.

அலுவலகத்துக்கே ஒரு பிரிண்டர். அது டைப்பிஸ்ட் அக்காவின் கணினியோடு கட்டுண்டு கிடந்தது. காலையில் வந்ததுமே ஆளுக்கொரு வெற்றுத் தாளை அச்சடித்து, பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல் எல்லோரும் இடம் பிடித்துவிடுவார்கள். முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி வருகிறவருக்கு எப்படி இடம் கிடைக்கும்? அவருக்குப் பெயரே ‘பதினொண்ணு’ என்றாகிவிட்டது. மனுப் படிவமோ அவரவர் கணினியில் மட்டும்தான் திறக்கும்.

கணினி பழுதுபார்ப்பவருக்குப் போன் போட்டார்.

“சார், அது சாதா கம்ப்யூட்டர். ஒரே நேரத்துல பத்து பேரைத்தான் தாங்கும். ஆளு இல்லாட்டியும் பெட்டி ஓடினா அதுவும் ஒரு சீட்டுதான்.”

“நான் என்னய்யா பண்றது?”

“யாரையாவது எறக்கி விடுங்க.”

பதிவுப் பிரிவு அக்காவிடம் போய் நின்றார். “அக்கா, ஒரே ஒரு பக்கம். கொஞ்சம் உங்க பெட்டியை அணைச்சு வைங்களேன்.”

“எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டாக்கூட நான் இதை அணைச்சதில்ல. உங்க முகத்துக்காகத்தான்.”

அணைத்தார். அப்போதும் வரம்பு நிரம்பியே இருந்தது. மறுபடி போன்.

“எறங்கினாலும் கால் மணி நேரத்துக்கு சீட்டு அவங்க பேர்லதான் சார் இருக்கும்.”

எழுத்தர் கடிகாரத்தை முறைத்தபடி உட்கார்ந்தார். பதினைந்தாவது நிமிடம், கூட்டத்திலிருந்து திரும்பிய மேலாளர் மடிக்கணினியைத் திறந்தார். சீட்டு போயிற்று.

“அப்போ இப்ப நானும் பதினொண்ணா?” என்றார் பதிவுப் பிரிவு அக்கா, எரித்துவிடுவதுபோல.

பொறுமை போயிற்று எழுத்தருக்கு. பிரிண்டர் மாட்டிய கணினியையே அணைத்தால் எல்லோரும் இறங்கித்தானே ஆகவேண்டும்? அணைத்துப் போட்டுவிட்டார்.

“ஐயையோ, நாப்பது பக்கம் சார்! சேமிக்கவே இல்ல!” டைப்பிஸ்ட் அக்கா போட்ட கூச்சலில் எதிர்க் கட்டிடத்துப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அங்கிருந்து அவர் இருக்கைக்கு அறுபது அடி. அவர் முழங்காலுக்கு அது ஆறு மைல். நொண்டி நொண்டிப் போய்ச் சேர்வதற்குள் கணினி உயிர்த்தெழுந்து, பத்து இடமும் நிரம்பியிருந்தது.

துடைப்பத்தோடு வழிமறித்தார் பெருக்கும் அம்மா. “ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“அப்புறம்மா. உயிர் போற நேரம்.”

மூன்று ஐம்பத்தைந்து. மேலாளர் அறைக்குள் ஏறக்குறைய விழுந்தார். “சார், உங்க லேப்டாப்பை ஒரு நிமிஷம் அணைக்க முடியுமா? பொண்ணு முகத்தைப் பாக்கணும் சார்.”

“இதுக்கு ஏன்யா இவ்வளவு தயக்கம்? தாராளமா!” மேலாளர் பெருந்தன்மையோடு மூடியைச் சாத்தினார்.

அந்த ‘டப்’ சத்தத்தில்தான் எழுத்தருக்கு அந்தக் கால் மணி நேரம் நினைவுக்கு வந்தது.

நான்கு மணிக்குக் கீழே தபால் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. நான்கு பத்துக்கு அவருடைய மனு அச்சாகி வந்தது. பளிச்சென்று, அதுவரை அழுத்திய ஒவ்வொரு முறைக்கும் ஒன்றாக, முப்பத்தொரு பிரதிகள்.

“விடுங்க பதினொண்ணு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்,” என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

மனுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியைப் பெருக்க வந்த அம்மா குனிந்தபடியே கேட்டார்:

“இப்பவாவது கேக்கலாமாய்யா? பின்னாடி ரூம்ல உங்க பழைய கம்ப்யூட்டர் மூணு வருஷமா ஓடிக்கிட்டே இருக்கு. ‘இடமாற்ற மனு அச்சாகிறது, அணைக்காதே’ன்னு நீங்கதான் எழுதி ஒட்டியிருக்கீங்க. இன்னமும் அணைக்கக் கூடாதா?”