ஊறுகாயிடம் ‘போயிட்டு வா’ என்று சொன்னேன்

எனக்கு யாரையும் வழியனுப்பத் தெரியாது. பஸ் ஏறுகிறவர்களுக்குக் கையசைப்பதற்கு முன்பே பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவேன். டிக்கெட்டை எடுத்து வைத்தார்களா, டிரைவர் இப்போதுதான் தூங்கி எழுந்தவர் மாதிரி இருக்கிறாரே, பின் சக்கரத்தில் காற்று குறைவோ என்று ஆயிரம் கவலை. எங்கள் வீட்டில் யாராவது ஊருக்குக் கிளம்பினால் முதலில் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள் (தீப்பெட்டி வாங்கி வரச் சொல்லி. வீட்டில் தீப்பெட்டி எப்போதும் நாலைந்து கிடக்கும்). இந்த மரியாதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் ஒரு லாரி மாங்காய் ஊறுகாய்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தென்னாப்பிரிக்காவோடு வியாபாரம் செய்ய அப்போதுதான் வழி திறந்திருந்தது. டர்பனில் நம்மாட்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், ஊறுகாய் என்றால் உயிரை விடுவார்கள், அனுப்புகிறவன்தான் பாக்கி என்று தூத்துக்குடி ஏற்றுமதி ஏஜென்ட் ஒருவர் சொன்னார். ராஜபாளையத்தில் மாங்காய்க்கா பஞ்சம்? நூல் மில்லில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை மறுநாளே விட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, அம்மா தலைமையில் மாங்காய் நறுக்கி, உப்பில் ஊறப்போட்டு, பாட்டிலில் அடைத்தோம். என் பெயருக்குக் கீழே ‘எக்ஸ்போர்ட்டர்’ என்று போட்டு கார்டு அடித்துக்கொண்டேன். (அதுவரை நான் பக்கத்திலிருக்கும் செட்டியார்பட்டியைத் தாண்டி ஒரு பாட்டில்கூட அனுப்பியதில்லை.)

இதில் இன்னொரு சங்கதி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையை முறுக்காமலே அது முறுக்கி நிற்கும். அவர் மகள் செல்வியைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டேன். செல்வி சில வருஷம் யோசித்துவிட்டு, போனால் போகிறது என்று சம்மதித்தாள். மாமாதான் மசியவில்லை.

“மில்லு வேலைய உதறிட்டு ஊறுகா போடுதேன்னு நிக்கிற பயலுக்குப் பொண்ணா? மொத லோடு கப்பல் ஏறட்டும், பொறவு பேசுவோம். ஏறலைன்னா சிவகாசியில ஒரு மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கேன்” என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு பாட்டிலையும் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய் கசிகிறதோ என்று முகர்ந்து முகர்ந்து, கடைசியில் எனக்கு மல்லிகைப்பூவே ஊறுகாய் வாசம் அடித்தது.

லாரியில் ஏற்றுகிற நாள் வந்தது. மாங்காய்ப் படம் போட்ட வெள்ளை அட்டைப்பெட்டிகள் வாசலில் வரிசையாக அடுக்கியிருந்தன. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

“ஏயப்பா! எம்புட்டுப் பெட்டி! கல்யாணப் பொண்ணு கணக்கால்ல ஜொலிக்கி!”

எனக்குப் பகீரென்றது. “அம்மா, கண்ணு பட்டுப் போச்சும்மா” என்றேன்.

“மொளகாயச் சுத்திப் போட்டாச் சரியாப் போவும்லே.”

எனக்கு அது போதவில்லை. வழியில் எத்தனை ஊர், எத்தனை கண்! பச்சைப்பிள்ளைக்குக் கன்னத்தில் வைக்கிற மாதிரி பெட்டிக்கெல்லாம் திருஷ்டிப் பொட்டு வைத்துவிட்டால்? அம்மாவே விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்த கண்மை டப்பா வீட்டில் இருந்தது. நான் பெட்டியைப் பிடிக்க, அம்மா மோதிர விரலால் மூலையில் கறுப்பாக ஒரு பொட்டு. ஒரு பெட்டி விடவில்லை. அம்மா கை ஓய்ந்ததும் மிச்சத்துக்கு நானே வைத்தேன். என் பொட்டு கொஞ்சம் பெரியது.

லாரி கிளம்பியது. எங்கள் பக்கம் வாசலில் நின்று ‘போறேன்’ என்றால் அடி விழும். ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும், அனுப்புகிறவர் ‘போயிட்டு வா’ என்றுதான் சொல்ல வேண்டும். நான் லாரியின் பின்பக்கப் பலகையைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வழிய, “போயிட்டு வா ராசா” என்றேன். (ஊறுகாயிடம்.)

மறுநாள் காலை மாமா வந்தார். ‘கப்பல் ஏறிருச்சா?’ என்று கேட்டுவிட்டு மேற்கொண்டு பேசத்தான் வந்திருந்தார். வெற்றிலைத் தட்டைக்கூட அம்மா எடுத்து வைத்துவிட்டார். நான் துறைமுகத்தையே கண்ணால் கண்டவன் மாதிரி, “இந்நேரம் கப்பல்ல அடுக்கிக்கிட்டு இருப்பாங்க மாமா” என்றேன். மாமா முதன்முறையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

வாசலில் லாரி ஹாரன் கேட்டது.

எனக்கு அந்த ஹாரன் தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாமா எழுந்து போய்ப் பார்த்தார். அத்தனை பெட்டியும் வைத்தது வைத்தபடி திரும்பி வந்திருந்தது.

“ஹார்பர் கொடோன்ல எறக்கவே விடல அண்ணாச்சி” என்றார் டிரைவர். “அங்க சரக்கச் சோதிக்கிறவிய, சரியில்லாத பெட்டிக்கு மூலையில கறுப்புப் பொட்டு வச்சிருவாவளாம். பொட்டு வச்சா கழிச்ச பெட்டின்னு அர்த்தமாம். நம்ம பெட்டி அம்புட்டுலயும் பொட்டு. கழிச்ச சரக்க எதுக்குடா இங்க கொண்டாந்தேன்னு வெரட்டி விட்டுட்டாவ.”

“ஏஜென்ட்டுகிட்ட சொல்லியிருக்கலாம்லய்யா!” என்று ஓடி வந்தேன்.

“அவிய மதுரைக்குப் போயிருந்தாவ. நான் என்ன செய்ய? நீங்கதான போயிட்டு வான்னு சொன்னிய?”

மாமா ஒரு பெட்டியை இறக்கி, பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். “இது யாரு வச்சது?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார்.

“கண்ணு பட்ரக் கூடாதேன்னு…” என்று இழுத்தேன்.

“நல்லவேளை, நீ தூத்துக்குடிக்குப் போகல. கப்பலுக்கும் வச்சிருப்ப.”

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். ஊர் திரும்பிவிட்ட ஏஜென்ட், மறுமுனையில் என்னைத் திட்டி முடித்துவிட்டு, சாயங்காலத்துக்குள் சரக்கு வந்தால் ஏற்றிவிடலாம், இல்லையென்றால் அடுத்த கப்பலுக்குத் தானே வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு ஓடி வந்தேன். என் கண்ணுக்கு முன்னால் சிவகாசி மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு நின்றான்.

ஈரத்துணியால் பொட்டைத் துடைத்தேன். விளக்கெண்ணெய் மை துடைத்தால் போகுமா? உள்ளங்கை அகலத்துக்குப் பரவியது. தேங்காய் நாரால் தேய்த்தேன். அட்டை கிழிந்து ஊறுகாய் பாட்டில் எட்டிப் பார்த்தது. மேலே குங்குமம் தடவினால் மறையும் என்று நினைத்து (அந்த வயதில் நான் நினைத்ததெல்லாம் இப்படித்தான்) ஒரு பெட்டிக்குத் தடவினேன். அது பலி கொடுத்த பெட்டி மாதிரி ஆகிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “பட்டாளத்துல பாதி வழியில திரும்பின லாரிய நான் பாத்ததே இல்லலே. எந்திரி! தங்கச்சி, மிச்ச லேபிள் இருக்கா? பசை காய்ச்சு!”

பாட்டிலுக்கு அடித்த லேபிள் கட்டுக்கட்டாக மிச்சம் இருந்தது. அம்மா மைதாப் பசை காய்ச்ச, மாமா லேபிளில் தடவ, நான் பொட்டின் மேல் ஒட்டினேன். அவசரத்தில் லேபிளில் இருந்த மாங்காயெல்லாம் கோணிக்கொண்டு நின்றது. “கோணலா இருந்தா இருக்கட்டும், ஒட்டு, ஒட்டு!” என்று மாமா அதட்டினார். எதிர்வீட்டு அக்கா மறுபடி எட்டிப் பார்த்தபோது, “உள்ள போ தாயி!” என்று அவர் போட்ட சத்தத்தில் லாரி டிரைவரும் வீட்டுக்குள் ஓடிவிட்டார்.

மாமா தானே டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் வாயைத் திறந்தேன்.

“போயிட்டு வான்னு எவனாவது சொன்னா தொலைச்சிருவேன்!” என்றவர், கதவை ஓங்கித் தட்டி, “போ! திரும்பி வராத!” என்று லாரிக்கு உத்தரவு போட்டார்.

அம்மா காதைப் பொத்திக்கொண்டார். “அய்யோ அண்ணே, நீங்க உள்ள உக்காந்திருக்கீயளே! நீங்க திரும்பி வரணும்லா!”

“நான் பஸ்ஸுல வாரேன்.”

மறுநாள் மத்தியானம் வரை நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் உயிர் போய்ப் போய் வந்தது. கடைசியில் மாமா நடந்து வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, “ஏறிருச்சு” என்றார். பிறகு, “சிவகாசிக்குச் சொல்லி விட்டுட்டேன், வேற எடம் பாத்துக்கட்டும்னு” என்றார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதேன்.

கல்யாணத்தன்று செல்வியின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்க அம்மா மை டப்பாவோடு வந்தார். மாமா பதறிக் கையைப் பிடித்துவிட்டார். “வேண்டாம் தங்கச்சி. பொட்டு வச்சா திரும்பி வந்துரும்.” மண்டபமே சிரித்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் லோடு போகும்போது யாரும் வாயைத் திறப்பதில்லை. தூரத்துச் சொந்தம் வந்து தங்கிவிட்டுக் கிளம்பும்போதுகூட, ‘பொட்டு வைக்கணுமா?’ என்று யாராவது குசுகுசுப்பார்கள்.

போன வருஷம் எங்கள் ஒரே மகள் வேலை கிடைத்து வெளிநாடு கிளம்பினாள். அன்று என்னைத் தீப்பெட்டி வாங்க அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. மதுரை விமான நிலைய வாசலில், பழைய பயத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

“அப்பா, நான் ஊறுகா இல்ல. போயிட்டு வான்னு சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். அவள் உள்ளே போய் மறைந்த பிறகும் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்க, போவோம். காதுக்குப் பின்னால மை வச்சுத்தான் அனுப்பியிருக்கேன். எங்க போனாலும் திரும்பி வந்துருவா.”