டிரிகர் சாமி சொன்னால் காலி

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் இப்போதெல்லாம் சுடுகிறவர்களைவிடக் கும்பிடுகிறவர்கள்தான் அதிகம். வண்டி நிறுத்த இடமில்லை. ரசீது போடும் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. எல்லாம் டிரிகர் சாமியின் மகிமை!

தோட்டா போடாமல் வெறும் விசையை அழுத்திக் குறி பழகுவார்கள். அதனால் துப்பாக்கி கெடுமா என்று பயிற்சியாளரைக் கேட்டால் ரகத்துக்கு ஒரு பதில் சொல்வார். அதைக் கேட்க யாருக்குப் பொறுமை? சாமியிடம் எல்லா ரகத்துக்கும் ஒரே பதில்தான்.

"துப்பாக்கிக்கு உயிர் இருக்கு மகனே! வெறும் வயித்தோட அதை அழுத்தினா, உன் ஆயுசைத் தின்னுடும்."

பரிகாரமும் அவரிடமே கிடைக்கும். துப்பாக்கியின் மேல் காதை வைப்பார். கண்ணை மூடுவார். "உம்... வயிறு காலி" என்பார். பிடியில் சிவப்புக் கயிறு கட்டிக் காணிக்கை வாங்கிக்கொள்வார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை: இனி துப்பாக்கியைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் அருள் ஆவியாகிவிடும். அருளா, பெட்ரோலா?

சின்ன ரக ரைஃபிள் வைத்திருந்த ஒருவர், கயிற்றை நம்பி வெறுமனே அழுத்தி, தோட்டாவைத் தட்டும் ஊசியின் முனை மழுங்கிப்போய் அழுதுகொண்டு வந்தார். "போன ஜென்மத்துப் பாவம்" என்றார் சாமி. அந்த மனிதர் இன்னொரு கயிறு கட்டிக்கொண்டு சிரித்த முகமாகத் திரும்பினார்.

அன்று வரிசையில் என் அக்கா வீட்டுக்காரரும் நின்றார். மாமா வங்கிக் காவலாளி. சுடும் தேர்வு நெருங்குகிறது. இரவில் வீட்டு டிவிக்கு நேராகப் பிடித்துப் பழகப் போகிறாராம். அந்த டிவிக்குக் கீழேதான் அவர் மகள் உட்கார்ந்து பொம்மையைக் கடித்துக்கொண்டிருப்பாள். உடனே அக்காவுக்கு போன் போட்டேன்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தால் மந்திரியாக இருந்தாலும் திட்டுவாள். அவள் வருவதற்குள் மாமாவின் பிஸ்டலுக்குக் கயிறு கட்டியாகிவிட்டது.

"சாமி, இது காலின்னு நிச்சயமாச் சொல்றீங்களா?" என்று வந்ததும் கேட்டாள்.

"நான் சொல்லலைம்மா, அதுவே சொல்லுது. பசி பசின்னு கத்துது!"

"நல்லதாப் போச்சு. உங்க கால் கட்டை விரலுக்கு நேரா வச்சு ஒரு தடவை அழுத்திக் காட்டுங்க."

சாமிக்கு வேர்த்தது. காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

"அது... எனக்குன்னு அருளை நான் பயன்படுத்தக் கூடாதும்மா."

"ஓஹோ! உங்க விரலுக்கு ஆகாது, என் புள்ள தலைக்கு மட்டும் ஆகுமா?"

"ஏய், அபச்சாரமாப் பேசாதடி" என்று மாமா பதறினார். "தோட்டா இருக்கற மேகசினைத்தான் கழட்டிட்டேனே!"

அக்கா பயிற்சியாளரைக் கூப்பிட்டாள். அவர் பிஸ்டலை மணல் சுவருக்கு நேராகப் பிடித்து மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தார். குழலுக்குள்ளேயே தங்கியிருந்த ஒரு தோட்டா, நிஜத் தோட்டா, துள்ளி விழுந்து உருண்டது.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, என் கண்ணே..." என்று மகளை நினைத்து விம்மினார்.

வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆஹா! காலித் துப்பாக்கியில தோட்டாவையே வரவழைச்சுட்டாரே சாமி!"

சாமி அந்த அற்புதத்தை ஏற்றுக்கொள்ள நிற்கவில்லை. காணிக்கைப் பையோடு பின்வாசல் வழியாக ஓட்டம்.

பயிற்சியாளர் கத்தினார்: "இந்த மாதிரி புது பிஸ்டலை வெறுமனே அழுத்தினா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சின்ன ரைஃபிள் பலதுல ஊசி போய் குழல் விளிம்புல இடிச்சுக் கெட்டுப்போகும், பொய்த் தோட்டா போட்டுக்கணும். பழசுன்னா கேக்காம தொடாதீங்க. எதுவா இருந்தாலும் முதல்ல திறந்து பாருங்கய்யா!"

கூட்டம் தலையாட்டியது. புத்தி வந்துவிட்டது என்று நானும் நிம்மதியாக ரசீதுப் புத்தகத்தை மூடினேன். அப்போது ஊசி மழுங்கிய ரைஃபிள்காரர் பவ்யமாக என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்தக் கயித்தை அவுக்கணும்னா எந்தச் சாமியப் பாக்கணும்?"