என் கக்கத்தில் ஊளையிட்ட பெட்டி

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது என்று வீட்டில் சொல்வார்கள். பொய். கண் நன்றாகத் தெரியும், காதுதான் கேட்காது. இதற்கு மயிலாப்பூரில் எங்கள் தெரு முழுவதும் சாட்சி.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். என் மனைவி ருக்மிணிக்கு ரேடியோ நிலையத்தில் கால் மணி நேரம் பாடச் சந்தர்ப்பம் கிடைத்தது. அப்போதெல்லாம் பாடப் பாட அப்படியே காற்றோடு போய்விடும். பிடித்து வைக்க வழியில்லை. தன் அண்ணனோடு கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "என் குரல் ரேடியோல எப்படிக் கேக்கறதுன்னு நேக்குத் தெரியவே போறதில்லை. நீங்கதான் ஒழுங்காக் கேட்டுண்டு வந்து சொல்லணும்."

தெருவில் ரேடியோ இருந்தது எதிர்வீட்டு வக்கீலிடம் மட்டும். (ரேடியோவா அது? பீரோ!) "வந்து கேளும் ஓய். காலை அலம்பிண்டு வாரும்" என்று அவர் அழைத்த அழைப்பு இருக்கிறதே, நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. என் மனைவியின் பாட்டை அந்த மனுஷர் கூடத்தில் கால் அலம்பிக்கொண்டு நான் கேட்பதா?

தியாகராய நகரிலிருந்த ஆபீஸ் சிநேகிதன் வரதன், ஒரு தோல் பெட்டிக்குள் தானே செய்து பொருத்திய ரேடியோவைக் கொடுத்தான். கையில் தூக்கிக்கொண்டு போகலாம். மூடியைத் திறந்தால் பாடும், மூடினால் அணைந்துவிடும். இரண்டு திருகு. ஒன்று நிலையத்தைப் பிடிக்க, மற்றது சத்தத்தைக் கூட்ட. "ரெண்டாவதைக் கொஞ்சமாத் திருப்புடா. ஊளையிட்டா உடனே பின்னால திருப்பிடு" என்றான். எதையாவது கொஞ்சமாகச் செய்யத் தெரிந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

நேரத்துக்குப் பெட்டியைத் திறந்தேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ருக்மிணியின் பெயரைச் சொன்னார்கள். இரண்டாவது திருகை ஒரே முறுக்கு. ஊய்ய்ய்ங்! முதல் திருகை இந்தப் பக்கம் அசைத்தால் கீச்சென்று ஏறியது. அந்தப் பக்கம் அசைத்தால் உறுமியது. பாட்டு எங்கோ அடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கூடத்திலிருந்தும் அதே ஊளை! எனக்குப் புரிந்துவிட்டது. வக்கீல்தான் ஏதோ விஷமம் செய்கிறார்.

பெட்டியை மூடாமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு (சாட்சி வேண்டாமா?) தெருவைக் கடந்தேன். கால் அலம்பவில்லை.

கூடம் நிறைய ஜனம். வக்கீல் தன் பீரோவை அறைந்துகொண்டிருந்தார்.

"என் ஆத்துக்காரி பாடறா, நீர் ஊளையிடறீரா?" என்று கத்தினேன்.

"நானா? பாட்டு ஆரம்பிக்கற வரைக்கும் மணி மாதிரி கேட்டுண்டிருந்தது ஓய்!"

நான் கிட்டே போகப் போக அவர் ரேடியோ பெரிதாக அலறியது. அதைக் கேட்டு நான் அதைவிடப் பெரிதாக அலறினேன்.

வக்கீலின் மனைவி எழுந்தாள். "அந்தப் பொட்டியைக் கொஞ்சம் மூடுங்கோளேன். நீங்க உள்ளே வந்தப்புறம்தான் இது ஜாஸ்தியாச்சு."

"என் பெட்டியா?" அது நிரபராதி என்று காட்ட, இரண்டாவது திருகில் மிச்சமிருந்ததையும் திருப்பினேன். வக்கீலின் ரேடியோ வீறிட்டதில், தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்து தானும் வீறிட்டது. யாரோ பெட்டியைப் பிடுங்கி மூடினார்கள்.

அவ்வளவுதான். ஊளை நின்றது. பளிச்சென்று ஒரு குரல் சொன்னது: "இதுவரை பாடியவர் ருக்மிணி."

அளவுக்கு மேல் திருப்பினால் அந்தப் பெட்டி கேட்பதை விட்டுவிட்டுத் தானே ஒலிபரப்ப ஆரம்பித்துவிடுமாம். அக்கம்பக்கத்து ரேடியோவெல்லாம் ஊளையிடுமாம். வரதன் மறுநாள் சாவகாசமாகச் சொன்னான். முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன கேடு? படுபாவி!

அன்று ருக்மிணி வந்ததும் "எப்படி இருந்தது?" என்றாள். வக்கீலையும் வரதனையும் பெட்டியையும் மூச்சு விடாமல் திட்டித் தீர்த்தேன். முழுவதும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "பாட்டைக் கேட்டேளா, இல்லையா?" என்றாள்.

இன்றைக்கும் நான் குரலை உயர்த்தினால் அவள் காற்றில் ஒரு திருகைப் பிடித்துப் பின்னால் திருப்புவதுபோல் விரலை அசைப்பாள். இப்போது பேத்தியும் கற்றுக்கொண்டிருக்கிறது. "தாத்தா ஒலிபரப்பறா!" என்று கத்திவிட்டு ஓடுகிறது.

அன்று என்னதான் பாடினாய், ஒரு தடவை பாடிக் காட்டேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "கேட்டவா யாராவது இருந்தா அவாளைப் போய்க் கேளுங்கோ" என்கிறாள்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.