கட்டத்தில் பட்டுச்சேலை இல்லை

"தோட்டத்துப் புள்ள கதை எழுதி, படமா காட்டப் போவுதாம்லா!" என்று எங்கள் கோயில் செயலாளர் எல்லார் முன்னாலும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக்கூட மறந்துவிடுவேன். கட்டம் அண்ணன் செய்த கொடுமையை மறக்க மாட்டேன். பேராக் மாநிலத்துக்கு ஒதுக்கிய பிடிவாதம் முழுவதையும் ஒரே ஆளாக வாங்கிக்கொண்டவர் அவர்.

புந்தோங்கில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எதை எடுப்பதானாலும் முதலில் தாளில் கட்டங்கள் போடுவார்; பெயரே அப்படி வந்ததுதான். ஒவ்வொரு கட்டத்திலும் எடுக்கப்போகும் படத்தை வரைந்து, அதன் கீழே வசனம் எழுதுவார். எழுதி முடிக்காமல் கேமராவைத் தொடமாட்டார். ஒரு கல்யாணத்தில் தாலியைத் தூக்கிய மாப்பிள்ளையை, "மச்சான், நிறுத்து! கட்டத்துல நீ சிரிக்கிற. சிரிச்சிட்டுக் கட்டு!" என்று அதட்டினார். நாதஸ்வரக்காரருக்குச் சிரிப்பு வந்து கெட்டிமேளமே நின்றுபோனது.

அப்படிப்பட்டவரிடம் போய் நிற்கவேண்டிய நிலை எனக்கு. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. ஆறாம் வகுப்பு முடித்த என் மாணவி செல்வியை மேலே படிக்க அனுப்பமாட்டேன் என்று அவள் அப்பா முத்து அண்ணன் சொல்லிவிட்டார். "பொம்பளப் புள்ளைக்கு டவுன் பள்ளிக்கூடம் எதுக்கு? அம்மாகூட ரப்பர் மரம் சீவட்டும்." பேசிப் பேசி அலுத்துப்போனேன். செல்வியின் கதையை ஸ்லைடுகளாக எடுத்து, கேசட்டில் என் குரலை ஓடவிட்டு, கோயில் மண்டபத்தில் காட்டினால் மனம் மாறுமோ என்று தோன்றியது.

நான் எழுதிக்கொண்டு போனதைக் கட்டம் அண்ணன் படித்தார்.

"'கல்வியே பெண்ணுக்குக் கண்.' சரி. இதை எப்படி எடுக்கிறது? கல்வி எங்க நிக்கும், ரப்பர் மரத்தடியிலயா?"

"அண்ணே, அது கருத்து!"

"கருத்தைக் கேமரா புடிக்காதுலா. செல்வி என்ன செய்றா, அதை எழுது."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். என் தமிழைக் குறை சொல்ல இவர் யார்? பஸ் ஏறும்வரை திட்டினேன். திட்டிக்கொண்டே திருத்தி எழுதினேன்.

கட்டமெல்லாம் நிரம்பிய பிறகு படம் எடுக்கத் தோட்டத்துக்கு வந்தார். செல்வியின் அம்மா பாக்கியம் அக்கா பட்டுச்சேலை, பவுடர், பூ சகிதமாக மரத்தடியில் விறைப்பாக நின்றார்.

"கட்டத்துல பட்டுச்சேலை இல்ல!" என்று அலறினார் அண்ணன். "வேலை செய்ற சட்டையோட வாங்கக்கா."

"படம் புடிக்கிறதுன்னா கல்யாணம், இல்லாட்டி கருமாதி. நான் இன்னும் சாகல தம்பி. ஊரே பாக்கப்போவுது, பால்கறை புடிச்ச சட்டையோடவா நிப்பேன்?"

அண்ணன் கேமராவை மூடப்போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்காவுக்காகத்தான் கட்டம்! கட்டத்துக்காக அக்கா இல்ல! மாத்துங்கண்ணே!"

முறைத்தார். பிறகு பால்வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, புதுக் கட்டம் போட்டார். பட்டுச்சேலையில் அம்மா, கையில் சீவுகிற கத்தி. பக்கத்தில் வெறுங்கையோடு செல்வி. கீழே நான் எழுதியிருந்த மிக அழகான வாக்கியத்தை அடித்துவிட்டு, "இங்கே குரல் வேண்டாம்" என்று எழுதினார். அந்த வாக்கியத்துக்காக இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

மண்டபத்தில் அந்தப் படம் வந்தபோது கேசட் மௌனமானது. கூட்டத்திலிருந்து பாக்கியம் அக்காவின் குரல் வந்தது: "இந்தக் கத்தி என்னோட போவட்டும்ங்க."

முத்து அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை என் வாசலில் நின்று, "டீச்சர், பள்ளிக்கூட பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

இப்போது பாகான் டத்தோ பக்கம் ஒரு தோட்டத்தில் எங்களைப் படம் காட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு செல்வி இருக்கிறாளாம். புதுக் கதை, புதுக் கட்டங்கள், புதுச் சண்டை. நேற்றே பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன். ஜன்னலோர இருக்கை கட்டம் அண்ணனுக்குத்தான்.