பயம் பற்றிய விவரப் படிவம்

நாற்பத்திரண்டு பேரில் ஒருவர்கூடப் பேய்க்குப் பயப்படவில்லை.

தட்சிணாமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். பேய் இல்லை. பிசாசு இல்லை. மோகினி, ரத்தக்காட்டேரி, கொள்ளிவாய் வகையறா எதற்கும் லக்ஷ்மிபாய் நகரில் ஒரு ஓட்டுகூட விழவில்லை.

"என்னதான் ஓய் எழுதியிருக்கா?" என்றார் எதிர்வீட்டுச் சேஷு. இருவரும் ஒரே ஆபீஸ், ஒரே சார்ட்டர்ட் பஸ், ஒரே வெற்றிலைப் பெட்டி.

"எட்டுப் பேருக்குக் கௌஹாத்தி டிரான்ஸ்பர்னா பயம். அஞ்சு பேருக்கு ஆடிட் பார்ட்டி. ஒருத்தர், ரிடையர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணுமேன்னு ரெண்டு பக்கம் அழுதிருக்கார். ஒரு மாமி, 'மாமியார் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டதாகத் தந்தி'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டா."

"அச்சா! அதைப் படமா எடும். நானே பயந்து எழுந்து ஓடிடுவேன்."

சேஷு சிரித்தார். தட்சிணாமூர்த்தி சிரிக்கவில்லை. அவர் சிரிப்பால் அடிபட்ட மனிதர்.

போன வருஷம் தமிழ் மன்றத்து ஆண்டு விழாவில் அவர் ஒரு திகில் நாடகம் போட்டார். கதை, வசனம், டைரக்‌ஷன், பேய் எல்லாம் அவரே. பேய் மேடைக்கு வந்தது. முதல் வரிசையில் ஒரு குழந்தை கை கொட்டிச் சிரித்தது. அதன் அம்மா சிரித்தாள். அப்புறம் ஹால் முழுவதும் சிரித்தது. கடைசியில் மன்றத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையேறி, சிறந்த நகைச்சுவை நாடகத்துக்கான வெள்ளிக் கோப்பையைப் பேயின் கையிலேயே கொடுத்தார். தட்சிணாமூர்த்தி அந்தக் கோப்பையை எழுத்து தெரியாமல் சுவர்ப் பக்கம் திருப்பி ஷோகேஸில் வைத்திருந்தார். பஸ்ஸில் இன்றைக்கும் யாராவது ஒருவர் "பேயாருக்கு ஒரு சீட் விடுங்கோ" என்பார்.

அதனால்தான் இந்த எண்பத்து மூன்றாம் வருஷத்துக் குளிர்காலத்தில் அரை மணி நேரத்துக்கு ஒரு வீடியோ படம் எடுத்துத் தில்லித் தமிழர்களை நடுநடுங்க வைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். கரோல்பாக்கில் கல்யாண வீடியோ எடுக்கும் சர்தார்ஜி ஒருவர் சேஷுவுக்குச் சிநேகிதம். இரண்டு நாள் காமிரா தருவதாகச் சொல்லிவிட்டார். கதைதான் பாக்கி.

வேறொருவராக இருந்தால் நாலு பேய்ப் படம் பார்த்துவிட்டுக் கதை பண்ணியிருப்பார். இவர் இருபத்திரண்டு வருஷம் மத்திய சர்க்காரில் குப்பை கொட்டியவர். விவரம் கோராமல் இவருக்குக் கை ஓடாது. ஆகவே ஆபீஸ் விட்டபின் உட்கார்ந்து, ஸ்டென்சிலில் தன் கையாலேயே தமிழில் எழுதி, சைக்ளோஸ்டைல் மிஷினில் ஐம்பது பிரதி உருட்டினார். தலைப்பு, பயம் பற்றிய விவரப் படிவம். மேலே கோப்பு எண், தேதி. நடுவில் நாலு கேள்விகள். கீழே விதிமுறைகள்: பெயர் எழுத வேண்டாம், பதினைந்து நாட்களுக்குள் சேர்ப்பிக்கவும், தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படும்.

"மூணு சிங்கம் ஒண்ணுதான் குறைச்சல்" என்றார் சேஷு.

அந்தப் பக்கத்தில் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ராஜாத்திதான் படிவங்களை வீடு வீடாகக் கொடுத்தாள். பூர்த்தி செய்த படிவங்களைப் போட, மனைவி ருக்மிணியின் பொறுப்பில் ஒரு பிஸ்கட் டின் வைக்கப்பட்டது.

"எது யாரோடதுன்னு உனக்குத் தெரிஞ்சாலும் வாயைத் திறக்கப்படாது. எங்கிட்டகூட. கான்ஃபிடென்ஷியல்!" என்று அவளுக்கு உத்தரவு போட்டிருந்தார்.

"உங்க பேய்க்குக் காவல் வேறயா" என்று முனகிக்கொண்டே அவள் ஒப்புக்கொண்டாள்.

இப்போது சேஷு டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த நாற்பத்து மூன்றாவது படிவம் விழுந்தது. அவரே அதை உரக்கப் படித்தார்.

"எதைக் கண்டால் பயம்? சாயங்காலம் அவர் வரும் செருப்புச் சத்தம்.

"எப்போது? தினமும்.

"அப்போது என்ன செய்வீர்கள்? அடுப்பைப் பார்த்துக்கொண்டு திரும்பாமல் நிற்பேன். சத்தம் எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று முதுகுக்குத் தெரியும்.

"இதை யாரிடமாவது சொன்னதுண்டா? யாராவது கேட்டால்தானே."

சேஷு கையை நீட்டிக் காட்டினார். மயிர் குத்திட்டு நின்றது.

"ஓய், இதுதான் ஓய் படம்! பேய் வேண்டாம், புகை வேண்டாம். ஒரு சமையலறை, ஒரு முதுகு, வெறும் செருப்புச் சத்தம். ஹால்ல ஒருத்தன் சிரிக்கட்டும் பார்க்கலாம்!"

"பிரமாதம்! கொண்டாரும் இப்படி" என்று தட்சிணாமூர்த்தி படிவத்தைப் பிடுங்கினார். பிடுங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த எழுத்து அவருக்குத் தெரியும். அடுத்த வரி வரைக்கும் வாலை நீட்டுகிற அந்த 'ழ' சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் மளிகை லிஸ்டில் தினமும் தொங்குகிறது. அது ருக்மிணியின் எழுத்து.

படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"இது வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். படமே வேண்டாம்."

"சர்தார்ஜிகிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுண்டு சொல்றது?"

"எந்த மூஞ்சி இருக்கோ அதை வச்சுண்டு சொல்லும்!"

சேஷு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு விடுவிடென்று போய்விட்டார்.

அன்று தட்சிணாமூர்த்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பத்தொன்பது வருஷம். ரசத்தில் உப்பு கூடினால் ஒரு சத்தம், சட்டையில் பட்டன் இல்லையென்றால் ஒரு சத்தம். அவர் கணக்கில் அதெல்லாம் சும்மா பேச்சு. கல்யாணமான புதிதில், கோல் மார்க்கெட்டில் ஒற்றை அறையில் இருந்தபோது, கறி தீய்ந்துபோனது என்று தட்டை வீசியிருக்கிறார். அவள் குனிந்து சாதத்தைப் பொறுக்கினாள். அதை அவர் மறந்தே போயிருந்தார். அவள் மறக்கவில்லை போலிருக்கிறது. போதாக்குறைக்கு, தேயக்கூடாதென்று செருப்பில் லாடம் வேறு அடித்து வைத்திருந்தார். இரண்டு மாடிக்கும் டக், டக், டக்கென்று கேட்கும். சே, என்ன மனுஷன் நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

நேராகக் கேட்டிருக்கலாம். பயந்தவளிடம் போய் "என்னைக் கண்டால் பயமா?" என்று எப்படிக் கேட்பது? தவிர, ரகசியம் காக்கப்படும் என்று எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

முதல் காரியமாகச் செருப்பை மாற்றினார். கான்வாஸ் ஷூ, ரப்பர் அடி. மறுநாள் சாயங்காலம் பூனை மாதிரி படியேறி, சமையலறைக்குள் போய், அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, குரலில் தேனைக் குழைத்து "ருக்கு" என்றார்.

"ஐயோ!" என்று அவள் அலறிய அலறலில் ஈயச்சொம்பு ரசத்தோடு கீழே போயிற்று. புறங்காலில் இரண்டு கொப்புளம்.

"மனுஷா வந்தா ஒரு சத்தம் குடுக்கப்படாதா? பிராணனே போயிடுத்து எனக்கு!"

சத்தம் போட்டால் பயம், போடாவிட்டால் கொப்புளம். நல்ல சத்தமாகப் போட்டால் என்ன என்று யோசித்தார். அதற்கடுத்த நாளிலிருந்து கீழ்ப்படியிலேயே காம்போதியை ஆரம்பித்தார். அவருக்குச் சங்கீதம் கேட்கத்தான் வரும். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. மூன்றாம் நாள் கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மேலே வந்து ருக்மிணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாபிஜி, பாய்சாப் எப்போதிலிருந்து குடிக்கிறார்?" என்று ஹிந்தியில் கனிவாக விசாரித்துவிட்டுப் போனாள்.

ருக்மிணி வெட்கத்தில் இரண்டு நாள் பால் பூத்துக்குப் போகவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ராஜாத்தியும் மூன்று நாள் வரவில்லை. சரி, பிராயச்சித்தத்துக்கு வழி பிறந்தது என்று தட்சிணாமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். ஜனவரி மாசத் தண்ணீர். விரலெல்லாம் மரத்துப்போயிற்று.

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் ருக்மிணி.

"ஒண்ணும் ஆகலை. நீ உட்காரு. நீ இத்தனை நாள் நின்னதெல்லாம் போறும்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பத்தொன்பது வருஷமாகத் தண்ணீர் டம்ளரைக்கூட நகர்த்தாத மனுஷன் வாணலியைச் சுரண்டினால் எந்தப் பெண்டாட்டிக்குச் சந்தேகம் வராது?

நாலாம் நாள் ராஜாத்தி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். குழாயடியில் ஐயாவைப் பார்த்ததும் வெலவெலத்துப் போய்விட்டாள்.

"ஐயா, மூணு நாள்தாங்க வரல. அதுக்காவ நிறுத்திப்புடாதீங்க. நாலு வூட்டுலயும் பேச்சு வாங்கிட்டுத்தான் வரேன்."

"யார் நிறுத்தறா? உடம்பு சரியில்லைன்னா ரெஸ்ட் எடு. இன்னும் ரெண்டு நாள் வேணும்னாலும் நிம்மதியா வீட்டுல இரேன்."

"வூட்டுலயா? வேணாங்கய்யா" என்று அவள் அவர் கையிலிருந்த வாணலியைப் பிடுங்கிக்கொண்டாள்.

அதுவும் போயிற்று. கடைசியாக அவருக்கு ஒன்று தோன்றியது. நான் வருகிற சத்தம்தானே பயம்? வராமலிருந்தால்? ஆபீஸ் விட்டதும் நேரே வீட்டுக்கு வராமல், மூடுபனியில் பார்க் பெஞ்சில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு எட்டு மணி வரை உட்கார ஆரம்பித்தார். அந்த இரண்டு மணி நேரமாவது அவள் பயமில்லாமல் இருக்கட்டுமே என்று நினைத்தபோது அவருக்குத் தொண்டையை அடைத்தது. நாலாம் நாள் ஜலதோஷமும் அடைத்தது.

ருக்மிணி எதிர்வீட்டுக்குப் போய்ச் சேஷுவைக் கேட்டாள்.

"ஆபீஸில அவருக்கு இவ்வளவு வேலையா?"

"வேலையா? அஞ்சரைக்கு எனக்கு முன்னாடி பஸ்ஸில ஏறிடறாரே மன்னி!" என்ற சேஷு, படத்தை நிறுத்திய கடுப்பில், "எங்கிட்டயும் முகம் குடுத்துப் பேசறதில்லை. என்னவோ இருக்கு" என்று முடித்துவைத்தார்.

புதுச் செருப்பு. பாட்டு. திடீர்க் கரிசனம். எட்டு மணி. ருக்மிணி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ராஜாத்தி உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ருக்மிணி கூடத்துக்கு வந்து அவர் கையிலிருந்த பேப்பரை வாங்கி மடித்து வைத்தாள்.

"யார் அவ?"

"எவ?"

"எனக்குத் தெரியும். பேரை மட்டும் சொல்லுங்கோ."

தட்சிணாமூர்த்திக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது.

"ருக்கு, என்னை மன்னிச்சுடு. நான் பாவி."

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ நிஜந்தானா?"

"நிஜம்தான். இத்தனை வருஷமா உன்னை என்ன பாடு படுத்தியிருக்கேன்! எனக்குத் தெரியவே தெரியாது ருக்கு. ரகசியம்னு நானேதான் சொன்னேன். இருந்தாலும் எழுத்து தெரிஞ்சுபோச்சு."

அலமாரியைத் திறந்து, வேட்டிகளுக்கடியில் ஒளித்து வைத்திருந்த படிவத்தை எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"நான் வர்ற சத்தம் கேட்டு நீ அடுப்பைப் பார்த்துண்டு நின்னிருக்கே. தினமும். 'யாராவது கேட்டால்தானே'ன்னு எழுதியிருக்கே பாரு, அதைப் படிச்சதுலேர்ந்து நான் தூங்கலை. கேட்டிருக்கணும். ஒரு தடவையாவது கேட்டிருக்கணும். கோல் மார்க்கெட்டுல அன்னிக்கு அந்தத் தட்டை வீசியிருக்கப்படாது."

ருக்மிணி அவரையே பார்த்தாள்.

"அதுக்காகவா ரப்பர் செருப்பு?"

"ஆமாம்."

"அதுக்காகவா காம்போதி?"

"ஆமாம்."

"இந்தக் குளிர்ல பார்க்ல போய் உட்கார்ந்தேளா?" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தட்டை வீசினது தப்புதான். அன்னிக்கு ராத்திரி பூரா அழுதேன். ஆனா உங்க சத்தத்துக்கு நான் பயந்து நாளாச்சு. அது எனக்குக் குக்கர் விசில் மாதிரி. கேட்டா, சரி, மணி ஆறாச்சுன்னு காப்பிக்குப் பால் வைப்பேன்."

"அப்போ இது? உன் எழுத்துதானே?"

"எழுத்து என்னுதுதான்..." என்று படிவத்தை வாங்கியவள், முழுவதும் படித்ததும் முகம் வெளுத்தாள். "அவ சொல்லச் சொல்ல எழுதிப் போட்டதோட நானும் மறந்தே போயிட்டேன். ஐயோ, எப்படி மறந்தேன்!"

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்த ராஜாத்தி, அம்மாவின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"அந்தப் பாரத்த இன்னும் மேல அனுப்பலீங்களா ஐயா? கவருமெண்டுலேருந்து யாராச்சும் வந்து எம் புருசனக் கேப்பாங்கன்னு, நான் தெனமும் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேனே."