முதல் பாதி எனக்கே!

ஐயா, மலையடிவாரத்தில் பலகை நட்டவரே, உம்மைத்தான் சொல்கிறேன். உம் பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் என் நிம்மதியைக் கெடுத்தது நீர்தான். 'கணவாய் உச்சி 12 கி.மீ. இயற்கை எழிலை ரசித்துச் செல்லுங்கள்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதினீரே, 'மேடு' என்று இரண்டெழுத்து சேர்க்க உமக்குப் பெயிண்ட் பற்றவில்லையா?

மலை என்றால் மேடுதானே, இது பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே என்பீர். எனக்கும் தெரியும். பேரம் பேச உட்கார்ந்தால் மட்டும் தெரியாது. என் நோயே அதுதான்.

நான் பழைய கதவு, ஜன்னல் வியாபாரி. இடிக்கிற வீட்டில் வாங்கி, கட்டுகிற வீட்டுக்கு விற்பவன். பன்னிரண்டு வயதில் கதவு சுமக்க வந்தேன். பள்ளிக்கூடத்துக்குள் நான் ஒழுங்காக நுழைந்தது அதன் ஜன்னல்களைக் கழற்றத்தான். அடிபட்டு, ஏமாந்து, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: எதிராளி எதன் மேல் கண் வைக்கிறானோ, அதை விடவே கூடாது. அவன் வேண்டாம் என்பதை நாமும் தொடக் கூடாது. இந்த ஒன்றை வைத்தே கடை வைத்தேன், வீடு கட்டினேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒருவன் ஜன்னல் வாங்க வந்தான். வெயிலில் வெந்த முகம். கெண்டைக்கால் கருங்கல். ஏழு கணவாய்களைச் சைக்கிளிலும் நடையிலுமாகக் கடந்தவனாம்.

"உச்சி வரைக்கும் வெயில் பொசுக்கும் அண்ணே. நாலடி தாண்டினா, அந்தப் பக்கம் பூரா மேகம். நாம மேல நிக்கிறோம், மேகம் கீழ போகுது!"

ஜன்னலை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான். என்னால்தான் உட்கார முடியவில்லை. கடையில் சாத்தி வைத்திருக்கும் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். ஒரு கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு. அதற்குப் பின்னால் சுவர். படுத்தால் கால் தானாக மிதிக்கும். கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஏழு கணவாய், ஒரு மாதம், தன்னந்தனியாக! முடிவு செய்து மனைவியிடம் அறிவித்தேன்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசி போடுவதற்கு முன் சிரிக்கிற சிரிப்பு ஒன்று அவளிடம் உண்டு. அதைச் சிரித்தாள்.

"ரொம்ப நல்ல யோசனைங்க. நானும் போகணும்."

"நீ எங்க வருவே? உங்கம்மாவுக்குக் கால்ல கட்டு. யாராவது ஒருத்தர் வீட்டுல இருக்க வேண்டாமா?"

"இருக்கணும்தான். நீங்க இருங்க. நான் போறேன்."

"அடியே, ஆசைப்பட்டது நான்!"

"பதினோரு வருஷமா அந்த வார்டுல இந்தக் கட்டிலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடக்கிறேன். அதை நேரா நடந்திருந்தா ஏழு மலை என்ன, எழுபது மலை தாண்டியிருப்பேன். எனக்கு மட்டும் மேகம் வேண்டாமா?"

நியாயமான கேள்வி. அதனால்தான் கோபம் வந்தது. கடைசியில் ஒரு பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டோம். பக்கத்தில் உள்ள கணவாயை இருவரும் கடப்பது. உச்சிக்குப் பன்னிரண்டு, அந்தப் பக்கம் பன்னிரண்டு. அடுத்த ஊர் பஸ் நிலையத்தை முதலில் தொடுகிறவருக்கு ஒரு மாதப் பயணம். மற்றவருக்கு வீடும் மாமியாரும். சைக்கிள் ஒன்றுதான். ஆளுக்குப் பாதி தூரம்.

"முதல் பாதி எனக்குங்க" என்றாள் சட்டென்று.

என் காது நிமிர்ந்தது. இவ்வளவு அவசரமாக ஒருத்தி கேட்கிறாள் என்றால் அதில் ஏதோ சரக்கு இருக்கிறது!

"முடியாது. முதல் பாதி எனக்கு."

"ஐயோ, வேற எதை வேணும்னாலும் கேளுங்க, அதை மட்டும் கேக்காதீங்க."

"அதுதான் வேணும்!"

"அப்ப நான் உச்சி வரைக்கும் குறுக்குப் பாதையில நடக்கலாமா? ஒத்தையடிப் பாதைதான். பாவம் பாத்து விடுங்க."

"நட, நட."

"பையெல்லாம் தூக்கிட்டு என்னால முடியாதுங்க."

"ரெண்டு பையையும் நானே சைக்கிள்ல கட்டிக்கிறேன். போதுமா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே இரக்கமாகிவிட்டது. ஆனாலும் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். மாமியார் சாட்சி.

"மாப்பிள்ளை, நல்லா யோசிச்சுத்தான் பண்றீங்களா?" என்றாள் அந்த அம்மாள், காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு.

"யோசிக்கிறதெல்லாம் தோக்கிறவங்க வேலை அத்தை!"

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை உம் பலகையடியில் நின்று புறப்பட்டோம். அவள் புதருக்குள் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறி மறைந்தாள். நான் மிதித்தேன். முதல் வளைவு வரை ராஜா. இரண்டாவது வளைவில் மந்திரி. மூன்றாவதில் இறங்கித் தள்ள ஆரம்பித்தவன், அதன்பின் மனிதனாகவே இல்லை. கியர் இருபத்தொன்று இருந்தது. எந்தக் கியரில் போட்டாலும் தள்ளுவது நான்தான். இரண்டு பைகளும் ஆளுக்கொரு பக்கம் பின்னால் இழுத்தன. அவள் பையில் செங்கல் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் சந்தேகம்.

எழில் இருந்தது ஐயா, இல்லையென்று சொல்லவில்லை. கீழே பள்ளத்தாக்கு, தீப்பெட்டி மாதிரி வீடுகள், பாறையில் வழிகிற தண்ணீர். எல்லாவற்றையும் நான் சைக்கிளின் சீட்டுக்கு அடியிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் 'இதுதான் உச்சி' என்று நினைப்பேன். வளைவு திரும்பினால், அதற்கு மேல் இன்னொரு வளைவு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

உச்சியில் ஒரு டீக்கடை, அதன் முன்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அதில் என் மனைவி. கால் மேல் கால். கையில் டீ.

"வாங்க, வாங்க. இது மூணாவது டீ. உங்களுக்காகத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன்."

"எனக்காகவா?"

"சைக்கிள் உங்ககிட்டதானே இருக்கு!"

அப்போதுதான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மேகம் கீழே போனது. அந்த மேகத்துக்குள் ரோடும் போனது. கீழே, கீழே, பன்னிரண்டு கிலோமீட்டரும் கீழே. சைக்கிளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தா பாரு, இறக்கத்துல பாதி எனக்குக் குடு. நாலுல ஒரு பங்காவது குடு!"

"உங்க கடையில என்னங்க போர்டு மாட்டியிருக்கீங்க? விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. சரிதானே? பையை மட்டும் அவுத்து வச்சுக்குங்க. வர்றேன்!"

மணியடித்துக்கொண்டு போனாள். ஒரு மிதி கூட மிதிக்கவில்லை. இரண்டு பைகளோடு, முட்டி கடகடக்க, நான் பஸ் நிலையத்தைத் தொட்டபோது அவள் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்திருந்தாள்.

மறுவாரமே கிளம்பிவிட்டாள். நான் கடையை அரைநாள் திறந்தேன். மீதி நேரம் மாமியாருக்கு மாத்திரை, வெந்நீர், தலையணை. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்த நடையில் எனக்கும் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. தினம் ஒரு போட்டோ வரும். அவள் மேலே, மேகம் கீழே. ஏழு கணவாயும் முடித்து, இருபத்தெட்டாம் நாள் காலையில் போன் செய்தாள்.

"என்னங்க, இங்க இன்னும் நிறைய கணவாய் இருக்காம். இன்னொரு மாசம் இருந்துட்டு வரட்டுமா?"

"ஒரு மாசமா! விளையாடுறியா?"

"சரி, இருபது நாள்?"

"அஞ்சு!"

"பதினஞ்சாவது குடுங்க. கெஞ்சிக் கேக்கிறேன்."

"பத்து! அதுக்கு மேல ஒரு நாள் கேட்டே, பாரு!"

பெருமூச்சு விட்டாள். "சரிங்க. நீங்க சொன்னா சொன்னதுதான்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனை வைத்தேன். பாதிக்குப் பாதி அல்ல, மூன்றில் ஒரு பங்குக்கு முடித்துவிட்டேன்! மாமியார் கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, நாளை மறுநாள் வர வேண்டியவளுக்கு எதுக்குப் பத்து நாள் குடுத்தீங்க?"

"அவ... அவளுக்கு லீவு ஏது அத்தை? ஒரு மாசம்தானே?"

"ஆறு வாரத்துக்கு எழுதிக் குடுத்துட்டுத்தானே போனா!"

ஆகவே, பலகைக்காரரே, எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீர். இனியாவது செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடும். பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எட்டாவது கணவாய்க்கு ஓடும். 'பாதை அடைக்கப்பட்டது' என்று ஆள் உயரத்துக்கு எழுதி நடுரோட்டில் நட்டு, என் மனைவியை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும். பத்து நாளில் அல்ல, இன்றைக்கே. இதில் பேரமே கிடையாது.

சரி, நாளைக்காவது அனுப்பும்.