எழுபத்தஞ்சும் மூணு புது பேப்பரும்

கோலா சிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் மில்களில் இதுவரை ஒரு பாய்லர்கூட வெடிக்காமல் இருப்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் காரணம் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அவன் பெயர் எழுபத்தஞ்சு. அப்பா அம்மா வைத்த பெயரும் ஒன்று உண்டு. அதைச் சம்பளச் சீட்டில் பார்த்ததோடு சரி.

ஜெராம் பக்கத்து மில் ஒன்றில் அவனும் நானும் பாய்லர் உதவியாட்கள். ஒரே வயசு, ஒரே ஷிப்டு, ஒரே அறை. பாய்லரைப் பொறுப்பேற்று ஓட்ட வேண்டுமென்றால் அரசாங்கச் சோதனை எழுதி லைசன்ஸ் எடுக்க வேண்டும். அதற்காக எழுபத்தஞ்சு ஒவ்வொரு மில்லாக அலைந்து மாதிரிக் கேள்விப் பேப்பர்களைச் சேர்த்து வைத்திருந்தான். கட்டிலுக்கு அடியில் செருப்பு வைக்கக்கூட இடம் கிடையாது.

அவனுக்கு ஒரு சட்டம் இருந்தது.

"பாத்த பேப்பர்ல வாங்குறதெல்லாம் மார்க்கே இல்லடா. புது பேப்பர் மூணு. மூணுலயும் வரிசையா எழுபத்தஞ்சுக்கு மேல. அப்பதான் நீ ரெடி. ஒண்ணுல குறைஞ்சாலும் மறுபடி மொதல்லருந்து."

இந்தச் சட்டம் பாய்லரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாய் கடையில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு, "அறுபத்தெட்டு பாய். இன்னும் ரெடியாகல" என்பான்.

பாய் கரண்டியோடு வெளியே வந்துவிடுவார். "தம்பி, இருவது வருசமா இதே கைதான் போடுது!"

"அதான் பாய் பிரச்சினை. பழைய பேப்பர்."

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கூத்துதான். "பொண்ணப் புடிச்சிருக்கா தம்பி?" என்று பெண்ணின் அப்பா கேட்டதற்கு, "காப்பி எம்பது. இன்னும் ரெண்டு தடவ வந்து குடிச்சுட்டுச் சொல்றேன்" என்றான். அந்தச் சம்பந்தம் அதே காப்பியோடு முடிந்தது.

என் கதைக்கு வருகிறேன். ஒரு பேப்பரில் தொண்ணூற்றிரண்டு வாங்கிவிட்டு, தலைகால் புரியாமல் அவனிடம் நீட்டினேன்.

"இத எத்தன தடவ எழுதுன?"

"அஞ்சு இருக்கும்."

"அப்ப இது ஒன் மூளைக்கு வந்த மார்க் இல்ல, ஒன் ஞாபகத்துக்கு வந்தது" என்று புதுப் பேப்பர் ஒன்றைக் கொடுத்தான். ஐம்பத்திரண்டு!

அன்றிலிருந்து என்னையும் இன்னும் இரண்டு பேரையும் பிடித்து உட்கார வைத்தான். நிஜச் சோதனைக்குப் போகிற மாதிரி காலில் சப்பாத்து போட வேண்டும், சட்டையை உள்ளே விட வேண்டும், கைப்பேசியை அரிசிப் பானைக்குள் போட வேண்டும். பழம் ஏற்றுகிற லோரி டிரைவர் முனியாண்டி பின்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டே இருப்பார். "சோதனை ஹால்ல ஒருத்தனாவது இருமுவான் லா. அதுக்கும் பழகணும்" என்பான் எழுபத்தஞ்சு. முனியாண்டியும் ஒரு தே தாரிக் டீக்கு நியாயமாக நெஞ்சு வலிக்க இருமுவார். எழுபத்தாறு, எழுபத்தெட்டு, எண்பது என்று மூன்று புதுப் பேப்பரிலும் நான் தேறிய பிறகுதான், "இப்ப போய் எழுது, நீ ரெடி" என்றான். மூன்று பேரும் எழுதினோம். மூன்று பேரும் பாஸ்.

அவன் மட்டும் எழுதவே இல்லை.

அந்த வருடம் மில்லின் மூத்த பாய்லர்மேன் ஓய்வு பெற இருந்தார். மேனேஜர் எழுபத்தஞ்சைக் கூப்பிட்டு, "அந்த எடம் ஒனக்குத்தான். ஆனா இந்தத் தடவ லைசன்ஸ் எடுக்கணும். இல்லாட்டி வேற ஆள்" என்று சொல்லிவிட்டார். சோதனைக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி. புதன்வரை அவன் அசையவில்லை.

"ஏன்டா, ஒனக்கென்ன பைத்தியமா? எந்தப் பேப்பரக் குடுத்தாலும் நூறு வாங்குற!" என்று கத்தினேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாத்தையும் ஒங்களுக்குத் திருத்தித் திருத்தி மனப்பாடம் ஆயிடுச்சுடா. எனக்குப் புது பேப்பர் எங்க இருக்கு? நான் ரெடியா இல்லையான்னு எனக்கே தெரியல."

அன்றே நாங்கள் நாலு பேர் பாய் கடையில் உட்கார்ந்து மூன்று பேப்பர் தயாரித்தோம். நாலாவது ஆள் முனியாண்டி. விட்டால் அழுதுவிடுவார் போலிருந்ததால் அவருக்கும் சில கேள்விகளை ஒதுக்கினோம்.

எழுபத்தஞ்சு சப்பாத்து போட்டு, சட்டையை உள்ளே விட்டு வந்து எழுதினான். வியாழன் எண்பத்திரண்டு. வெள்ளி காலை எழுபத்தெட்டு. மத்தியானம் மூன்றாவது பேப்பர். திருத்தினோம். எழுபத்து நாலு!

"சரி, மறுபடி மொதல்லருந்து" என்று எழுந்துவிட்டான்.

நான் பேப்பரைப் பிடுங்கிப் பார்த்தேன். பாய்லரின் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டமே தெரியவில்லை என்றால் முதலில் என்ன செய்வாய் என்பது ஒரு கேள்வி. 'தீயை நிறுத்துவேன்' என்று எழுதியிருந்தான். அது முனியாண்டி போட்ட கேள்வி; சரியான விடை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தது 'தண்ணீர் ஊற்று'. காய்ந்து கொதிக்கிற பாய்லரில் தண்ணீரை ஊற்றினால் மில்லோடு நாங்களும் கடலுக்குப் போயிருப்போம்.

"லோரி ரேடியேட்டருக்கு அப்பிடித்தானே..." என்று முனியாண்டி நிஜமாகவே இருமினார்.

"டேய், நீ எழுதுனதுதான் சரி! ரெண்டு மார்க் ஏறுது!"

"எழுதுறவன் மார்க் கேட்டு வாங்கக் கூடாது" என்றான் அந்தப் பிடிவாதக்காரன்.

எனக்கு வந்ததே கோபம். "என்னைய ரெடின்னு சொன்னது யாரு? நீதான? அந்த ரெடியானவன் சொல்றேன், இது ரைட்டு. இல்லேன்னா நீ என்னைய ரெடின்னு சொன்னதும் தப்பு!"

அவன் பென்சிலை எடுத்து எழுபத்து நாலை அடித்து எழுபத்தாறு என்று எழுதினான். முனியாண்டி அவனை லோரியிலேயே ஏற்றிக்கொண்டு பறந்தார். சோதனை ஆபீஸ் கதவு சாத்துவதற்குள் பெயர் கொடுத்துவிட்டான்.

முடிவு வந்த அன்று மில் வாசலில் கடிதத்தோடு நின்றான். பாஸ். நாங்கள் குதிக்கிறோம், அவன் உம்மென்று இருக்கிறான்.

"பாஸுன்னு மட்டும் போட்டுருக்குடா. எவ்வளவுன்னு போடலயே!"

அவன் சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவி, கடிதத்தின் ஓரத்தில் நூறு என்று போட்டேன். "புது பேப்பர்தான? அப்ப இது செல்லும்."

நான் இப்போது புக்கிட் செந்தோசாவில் இருக்கிறேன். ஜெராம் பக்கம் போனால் பாய்லர் அறையை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தக் கடிதம் தொங்குகிறது. எல்லாருக்கும் கறாராக மார்க் போடுகிற பாவி, நான் போட்ட நூறை மட்டும் இன்னும் அழிக்கவில்லை.